சொன்ன நாளில் படம் முடித்தவர்



சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில் நீங்கள் போயிருக்கிறீர்களா? மலை ஏறுவதற்கு முன்பே ஒரு பழைய நுழைவு வளைவைக் காணலாம். 'மாடர்ன் தியேட்டர்ஸ்' என்ற திரைப்பட நிறுவனத்தின் வாசல் அது. இன்று அந்த இடத்தில் குடியிருப்புகள் வந்துவிட்டன. ஆனால் ஒரு காலத்தில் அங்கே அரண்மனைகள் எழுந்தன. ராஜாக்கள் கொலுவிருந்தனர். வாள் சண்டைகள் நடந்தன. எல்லாம் சினிமாவுக்காகத்தான்!

அந்தப் படப்பிடிப்பு நிலையத்தை உருவாக்கியவர் டி.ஆர்.சுந்தரம். திரையுலகில் அவரை 'முதலாளி' என்றும் 'டி.ஆர்.எஸ்.' என்றும் அழைப்பார்கள்.

சுந்தரம் 1907-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் திருச்செங்கோட்டில் பிறந்தார். இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ள அந்த ஊர் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. அவருடையது ஜவுளி வணிகம் செய்துவந்த வசதியான குடும்பம். ஆகவே ஜவுளித் தொழில்நுட்பம் படிக்க அவரை இங்கிலாந்திலுள்ள லீட்ஸ் நகருக்கு அனுப்பினார்கள்.

படித்து முடித்து ஊர் திரும்பியவர் துணி ஆலை தொடங்குவார் என்றுதானே எல்லோரும் நினைத்திருப்பார்கள்? அவரோ சினிமாப் பக்கம் போனார்! சேலத்தில் இருந்த 'ஏஞ்சல் பிலிம்ஸ்' என்ற நிறுவனத்தில் சேர்ந்தார். அது பேசும்படம் வந்த புதிது. தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' 1931-இல் வெளிவந்தது. அதை எங்கே எடுத்தார்கள் தெரியுமா? பம்பாயில்! அப்போது தமிழ்நாட்டில் பேசும்படம் எடுக்க வசதி இல்லை. நடிகர்களையும் பாடகர்களையும் அழைத்துக்கொண்டு பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ ரயில் ஏற வேண்டும். சுந்தரமும் கல்கத்தாவுக்குச் சென்று படத்தொழிலைக் கற்றுக்கொண்டார்.

நம் ஊரிலேயே இதைச் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1935-ஆம் ஆண்டு சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் பிறந்தது. 1937-இல் அதன் முதல் படம் 'சதி அகல்யா' வெளிவந்தது. மறு ஆண்டே 'பாலன்' வந்தது. மாற்றாந்தாயிடம் துன்பப்படும் ஓர் அண்ணன் தங்கையின் கதை அது. மலையாள மொழியின் முதல் பேசும்படமும் அதுவே. கேரளத்தின் முதல் பேசும்படம் நம் சேலத்துக்காரர் தயாரித்தது என்பது பெருமைதானே?

குழந்தைகளே, டி.ஆர்.எஸ். பணக்காரராக இருந்ததாலோ, நிறையப் படம் எடுத்ததாலோ மட்டும் நாம் இன்று அவரை நினைக்கவில்லை. அவர் தொழில் செய்த முறைதான் அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது.

அந்தக் காலத்தில் பல படங்கள் பூசை போட்டதோடு நின்றுவிடும். சில பாதியில் நிற்கும். கதை முழுதாக எழுதப்பட்டிருக்காது. பணம் தீர்ந்துபோகும். நம்பி வேலை செய்தவர்களுக்குக் கூலி கிடைக்காது. டி.ஆர்.எஸ். அப்படிச் செய்யவில்லை. செலவு எவ்வளவு, எத்தனை நாள், யார் யார் வேண்டும் என்று முன்கூட்டியே திட்டமிடுவார். குறித்த நேரத்தில் படப்பிடிப்பு தொடங்கியாக வேண்டும். குறித்த நாளில் முடிந்தாக வேண்டும். புகழ்பெற்ற நடிகரானாலும், விளக்குப் பிடிக்கும் தொழிலாளியானாலும் அவருடைய நிலையத்தில் கடிகாரம் ஒன்றுதான்!

கலைக்கு எதற்குக் கடிகாரம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். படப்பிடிப்பில் 100 பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் 2 மணி நேரம் தாமதமாக வருகிறான். வீணானது 2 மணி நேரமா? இல்லை. 100 பேருக்கும் சேர்த்து 200 மணி நேரம்! ஒருவர் செய்யும் தாமதம் மற்றவர்களின் உழைப்பைத் திருடுவதற்குச் சமம். ஆலைத் தொழில் படித்த டி.ஆர்.எஸ்.ஸுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். நூற்பாலையில் ஓர் இயந்திரம் நின்றால் அடுத்த இயந்திரத்துக்கும் வேலை இருக்காது அல்லவா?

1940-இல் அவர் 'உத்தம புத்திரன்' படத்தைத் தயாரித்து இயக்கினார். பி.யு.சின்னப்பா அதில் இரட்டை வேடத்தில் நடித்தார். தமிழில் முதல் இரட்டை வேடப் படம் அது. கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் ஒரே நடிகரை இருவராகக் காட்டுவது எப்படி? படச்சுருளின் ஒரு பாதியை மறைத்துக்கொண்டு முதலில் படம் பிடிப்பார்கள். பிறகு சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறு பாதியில் படம் பிடிப்பார்கள். இடையில் கேமரா ஓர் இம்மி நகர்ந்தாலும் எல்லாம் பாழ்! பொறுமையும் ஒழுங்கும் இல்லாதவர்களால் இதைச் செய்யவே முடியாது.

திறமை எங்கிருந்தாலும் அவர் சேலத்துக்கு அழைத்து வந்தார். 1950-இல் வெளிவந்த 'மந்திரி குமாரி' படத்துக்குக் கதை வசனம் எழுதியவர் மு.கருணாநிதி. நடித்தவர் எம்.ஜி.ஆர். இயக்கத்தில் பங்கு பெற்றவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர். கவிஞர் கண்ணதாசனும் மாடர்ன் தியேட்டர்ஸில் வேலை பார்த்தவரே. கலைஞர்கள் பலர் அங்கே மாதச் சம்பளம் வாங்கினார்கள். அடுத்த மாதம் அடுப்பு எரியுமா என்ற கவலை இல்லாமல் ஒரு கலைஞன் வேலை செய்வது அந்நாளில் சாதாரண விஷயம் அல்ல.

1956-இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்தது. முழுநீளப் படமாக வண்ணத்தில் வந்த முதல் தமிழ்ப்படம் அதுவே. 1961-இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமான 'கண்டம் பெச்ச கோட்டு' படத்தையும் அவரே தயாரித்தார்.

அவருடைய கண்டிப்புக்குப் பலர் பயந்தார்கள் என்பதும் உண்மை. கண்டிப்பு அளவு மீறினால் மனம் நோகும். அதை மறுக்க முடியாது. ஆனால் தொழிலாளிக்கு ஒரு சட்டம், நட்சத்திரத்துக்கு ஒரு சட்டம் என்று வைத்திருந்தால் அந்தக் கண்டிப்புக்கு மதிப்பே இருந்திருக்காது. படம் சொன்ன நாளில் முடிந்தால்தானே அடுத்த படம் தொடங்கும்? அடுத்த படம் தொடங்கினால்தானே தச்சருக்கும், தையல்காரருக்கும், சமையல்காரருக்கும் வேலை கிடைக்கும்? முதலாளி நேரம் தவறினால் முதலில் பசிப்பது இவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான்.

1963-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30-ஆம் நாள் டி.ஆர்.எஸ். மறைந்தார். அப்போது அவருக்கு வயது 56. அவருக்குப் பின் அவருடைய மகன் நிறுவனத்தை நடத்தினார். மாடர்ன் தியேட்டர்ஸ் தன் காலத்தில் 100-க்கும் மேற்பட்ட படங்களைத் தயாரித்தது.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்கிறீர்களா? நீங்கள் விரும்பி விளையாடும் வீடியோ கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு சினிமா போலத்தான் உருவாகிறது. கதை எழுத ஒருவர், படம் வரைய ஒருவர், இசைக்கு ஒருவர், நிரல் எழுதப் பலர் என்று பெரிய கூட்டமே உழைக்கிறது. சில நிறுவனங்கள் சரியாகத் திட்டமிடாமல், வெளியிடும் நாள் நெருங்கும்போது ஊழியர்களை இரவு பகலாக வேலை வாங்குகின்றன. இதற்கு 'கிரஞ்ச்' என்று பெயர். 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவன ஊழியர் ஒருவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண், அவர் ஓய்வில்லாமல் வாடுவதை இணையத்தில் எழுதினார். உலகமே அதைப் பற்றிப் பேசியது. கூடுதல் நேரம் உழைத்ததற்குச் சம்பளம் கேட்டு ஊழியர்கள் வழக்குத் தொடுத்தார்கள். நிறுவனம் பெருந்தொகையை இழப்பீடாகக் கொடுத்தது.

பார்த்தீர்களா? திட்டமிடாத முதலாளியின் தவறுக்குத் தூக்கத்தைத் தொலைப்பவர் தொழிலாளி! சினிமாவானாலும் வீடியோ கேமானாலும், நம்மை மகிழ்விக்கும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் வியர்வை சிந்தும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

உங்களில் சிலர் நாளை படம் எடுக்கலாம். சிலர் கேம் உருவாக்கலாம். அதற்கான பயிற்சியை இன்றே தொடங்குங்கள். பள்ளியில் நான்கு பேர் சேர்ந்து செய்யும் செயல்திட்டத்தில் உங்கள் பங்கைச் சொன்ன நாளில் முடித்துக் கொடுங்கள். உங்களுக்காக மற்ற மூவரும் காத்திருக்கும்படி செய்யாதீர்கள். அடுத்த முறை ஏற்காட்டுக்குப் போகும்போது, அந்த வளைவின் முன் ஒரு நிமிடம் நின்று, சேலத்தில் சினிமாவை ஒழுங்கான தொழிலாக வளர்த்த அந்தத் திருச்செங்கோட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள்!