நாலு அளவுகளை நம்பிய பியர்க்காரர்

2012இல் வன்னியில் புதிய நெல்லினம் ஒன்றைப் பரிசோதிக்க எனக்குக் கிடைத்தவை நான்கே வயல் துண்டுகள். அந்த வெளியின் மிச்சம் அப்போதும் மிதிவெடி எச்சரிக்கைப் பட்டிகளுக்கு அப்பால் கிடந்தது. நாலு துண்டை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று என் கோப்பைத் திருப்பித் தந்துவிட்டார்கள். அந்தக் கோபத்தோடு நூலகத்தில் தேடியபோதுதான், பல்கலைக்கழகத்தில் நாங்கள் மனப்பாடம் செய்த 'ஸ்ரூடன்ற் ரி-சோதனை'க்குப் பின்னாலிருந்த மனிதரை அறிந்தேன். ஸ்ரூடன்ற் என்பது புனைபெயர். ஆள் வில்லியம் சீலி கொசெற். தொழில், பியர் காய்ச்சுவது.

1876இல் இங்கிலாந்தின் கன்ரபரியில் பிறந்தவர். ஒக்ஸ்போர்ட்டில் கணிதமும் இரசாயனமும் படித்துவிட்டு 1899இல் டப்ளினில் கின்னஸ் நிறுவனத்தில் சேர்ந்தார்.

பார்லியை முளைக்கவைத்து உலர்த்தினால் மோல்ட். அதை அரைத்து ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் சுடுநீரில் ஊறவைத்தால், அதிலுள்ள நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக்கும். ஒரு குறித்த நிறை மோல்ட்டிலிருந்து எவ்வளவு சீனி நீரில் இறங்குகிறது என்பதில்தான் பியரின் தரமும் செலவும் தங்கியிருக்கின்றன. வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் இன்றைக்கும் மண்டையை உடைத்துக்கொள்ளும் விடயம் இது. சீனி குறைந்தால் அரைத்தது போதவில்லையா, சூடு பிழைத்ததா, இல்லை அளந்ததே பிழையா என்று தெரியாது.

கொசெற் கடைசிக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். ஒரே மோல்ட்டை இரண்டு தரம் அளந்தால் இரண்டு விடை வந்தது. கின்னஸ் எதிர்பார்த்தது 133 பாகை அளவு. அரைப்பாகை விலகல்வரை பொறுக்கலாம். கூடினால் வரி கூடும், குறைந்தால் குடிப்பவர் முகம் சுளிப்பார். இரண்டு அளவுகளின் சராசரி அந்த அரைப்பாகைக்குள் நிற்க 4க்கு 1 என்ற வாய்ப்பும், நான்கு அளவுகளுக்கு 12க்கு 1 என்ற வாய்ப்பும் உண்டு என்று 1904இல் நிறுவனத்துக்கு அறிக்கை எழுதினார். 10க்கு 1 போதும் என்பதால் நான்கு தரம் அளந்தால் சரி. ஒவ்வொரு அளவுக்கும் நேரமும் காசும் போகும் அல்லவா.

ஆனால் அன்றைய கணிதம் பெருந்தொகை அளவுகளுக்கே பொருந்தியது. 1906இல் லண்டனுக்குப் போய்க் கார்ல் பியர்சனிடம் ஒரு வருடமளவில் படித்தார். 3000 குற்றவாளிகளின் உயரத்தையும் விரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதிக் கலைத்து, நான்கு நான்காக 750 கூட்டங்கள் எடுத்துத் தன் சூத்திரத்தைச் சரிபார்த்தார். அந்த மனிதர்களின் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. முகாமில் வரிசையில் நின்று பதியப்பட்ட எனக்கு அந்த இடத்தைத் தாண்டக் கொஞ்ச நேரம் எடுத்தது.

1908இல் கட்டுரை வெளியானது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆய்வு வெளியிடுவதை நிறுவனம் விரும்பாததால், 'மாணவன்' என்று பொருள்படும் அந்தப் பெயர். கணிதத்தை முழுமையாக்கியவர் ரொனால்ட் பிஷர். பியர்சனும் பிஷரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராத பகையாளிகள். கொசெற் இருவருக்கும் நண்பராகவே இருந்தார். எனக்கு அது சூத்திரத்தைவிடப் பெரிய காரியமாகப் படுகிறது. 1935இல் லண்டனில் எழுந்த கின்னஸின் புதிய ஆலைக்கு மாறியவர், 1937இல் 61 வயதில் மாரடைப்பால் இறந்தார்.

பார்லி வயல்களில் இரண்டு இனங்களைப் பக்கத்தில் பக்கத்தில் விதைத்து ஒப்பிடுவது அவருக்குப் பிடித்த முறை. நானும் நான்கு துண்டுகளையும் பாதி பாதியாகப் பிரித்துப் பழைய இனத்தையும் புதியதையும் விதைத்தேன். மூன்றில் புதியது கூட விளைந்தது, ஒன்றில் குறைந்தது. ரி-சோதனை போட்டுப் பார்த்தால், உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்று வந்தது. கோப்பைத் திருப்பித் தந்தவர் சொன்ன அதே விடைதான். ஆனால் இப்போது எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று இரண்டு எல்லைகள் என் கையில் இருந்தன.

காணி தந்த அக்காவிடம் அதை அப்படியே சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, அடுத்த போகம் கால் ஏக்கரில் மட்டும் புதியதைப் போட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். அதற்கு விதைநெல் யார் தருவது என்றும் கேட்டார்.