பருத்திப் பூவை ஆராய்ந்த சேஷாத்திரி

கொங்கு நாட்டில் பருத்தியைப் பஞ்சாகவும் நூலாகவும் மதிப்பார் பலர். அதன் பூவை நின்று நோக்குவார் சிலரே. அப்பூவின் நிறத்தையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டவர் இரசாயன நூற் பேரறிஞர் டி. ஆர். சேஷாத்திரி. அவரது சரிதத்தைச் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

இவர் 1900-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 3-ஆம் நாள், காவிரிக் கரையிலுள்ள குளித்தலையிற் பிறந்தார். தந்தையார் பள்ளியாசிரியர். சென்னை இராஜதானிக் கல்லூரியிற் பயின்ற நாளில் இராமகிருஷ்ண மடத்தாரின் மாணவர் இல்லத்தில் வதிந்தார். பின்னர் மாஞ்செஸ்டர் சென்று, தாவர நிறப்பொருள்களில் வல்லுநரான இராபர்ட் இராபின்சனிடம் பயின்று 1929-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

தாயகம் மீண்டவர் கோயமுத்தூர் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மண் பரிசோதிக்கும் பணியில் அமர்ந்தார். பூவின் வண்ணம் கற்று வந்தவர்க்கு மண்ணா கொடுப்பது என்று நாம் வியக்கலாம். ஆயினும் அப்பணியில் அவர் நெடுங்காலம் இருந்திலர். சில ஆண்டுகளில் வால்டேரிலுள்ள ஆந்திரப் பல்கலைக்கழகம் அவரை அழைத்துக் கொண்டது.

அங்கே நீலகண்டம் என்னும் உடனாய்வாளரோடு பருத்திப் பூக்களை எடுத்துக் கொண்டார். நம் கரிசற் காடுகள் நன்கறிந்த கம்போடியாப் பருத்தியும் அவற்றுள் ஒன்று. உலர்ந்த இதழ்களைச் சாராயத்திலிட்டுக் காய்ச்சிச் சாரம் இறக்குவர். அதனைச் சுண்டவைத்தால் மஞ்சட் படிகங்கள் பிரியும். அப்படிகத்தை அமிலத்திற் கொதிக்க வைத்தால் சர்க்கரை ஒருபுறமும் நிறப்பொருள் மற்றொருபுறமும் ஆகும். கேட்பதற்கு எளிது; படிகம் தூய்மையுற எத்தனை முறை கரைத்து வடிக்கவேண்டும் என்பது செய்தவர்க்கே தெரியும். இவ்வாறு 1930-களில் அவர்கள் கண்டதொரு மஞ்சட்பொருள் காஸிப்பின் எனப்படும். பருத்திக்குரிய இலத்தீன் பெயரிலிருந்து பிறந்த பெயர் அது. அதனைக் கண்டபோது நோய் எதுவும் அவர் கருத்தில் இல்லை. பூ ஏன் மஞ்சளாயிருக்கின்றது என்பதே வினா.

போர்க்காலத்திற் பல்கலைக்கழகம் குண்டூருக்குப் பெயர்ந்தபோதும் அவரது ஆய்வு நின்றிலது. 1949-இல் தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1960-இல் இலண்டன் இராயல் சங்கத்தின் அங்கத்தினரானார். 1963-இல் பத்மபூஷண் விருது பெற்றார். 1975 செப்டம்பர் 27-இல் காலமானார்.

புற்றுநோய் தோன்றிய இடத்திலேயே தங்கிவிடின் கத்தியால் அகற்றிவிடலாம். அது அயலிடங்களுக்குப் பரவும்போதே பெரும்பாலும் உயிரைக் கொள்கின்றது. 2007-இல் அமெரிக்க நாட்டு ஹூஸ்டன் நகர ஆய்வாளர்கள், காஸிப்பினைப் புற்றணுக்களிற் செலுத்திப் பார்த்தனர். அணுக்களைப் பெருகவும் பரவவும் தூண்டும் என்.எஃப். கப்பா-பி என்னும் புரதத்தின் செயல் அடங்கிற்று. அணுக்கள் அயலிடம் ஊடுருவுதலும் குறைந்தது.

இது கண்ணாடிக் கலத்தில் வளர்த்த அணுக்களிற் கண்டதேயன்றி நோயாளியின் உடலிற் கண்டதன்று. காஸிப்பின் இன்றளவும் புற்றுநோய் மருந்தாக ஏற்கப்படவில்லை. ஆதலால் பருத்திப் பூக் கஷாயத்தை நம்பி மருத்துவரை விடுவார் உளராயின், அவர்க்குச் சேஷாத்திரியின் ஆய்வு சான்றாகாது. அவரோ அக்கலத்துச் செய்தியையும் கேளாமல், 32 ஆண்டுகட்கு முன்னரே மறைந்து போயினார்.