யாத்திரையும் விடுதலையும்: சர் பொன்னம்பலம் அருணாசலம்

திருத்தலங்களைத் தரிசித்தல் சைவ நன்மக்களுக்குரிய கடமைகளுள் ஒன்று. அதற்கு முதற்கண் வேண்டுவது வழிநடக்கும் சுதந்திரம். தாம் தலயாத்திரை செய்ததோடமையாது, பிறர் காலிற் பூட்டிய தளையையும் நீக்க முயன்ற பெருமகனார் சர் பொன்னம்பலம் அருணாசலம் ஆவர்.

இவர் 1853 ஆம் ஆண்டில் கேற் முதலியார் பொன்னம்பலம் அவர்களின் புதல்வராய்க் கொழும்பிற் பிறந்தார். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிற் கற்று, 1875 இல் போட்டிப் பரீட்சை வாயிலாகச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையரானார். மேனாட்டுக் கல்வி இவரைச் சைவத்தினின்றும் பிரித்திலது. கேம்பிரிட்ஜ் நண்பராகிய எட்வர்ட் கார்ப்பெண்டர் 1890 இல் இலங்கைக்கு வந்தபோது, இவர் அவரைத் தம் குருவாகிய இராமசாமி என்னும் ஞானியாரிடம் அழைத்துச் சென்றார். அச்சந்திப்பு, கார்ப்பெண்டர் பின்னர் வெளியிட்ட யாத்திரை நூலில் இடம்பெற்றது.

பொலன்னறுவைச் சிவாலய இடிபாடுகளினின்றும் 1907, 1908 ஆம் ஆண்டுகளில் நடராசர், நாயன்மார் முதலிய செப்புத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. வெறும் தொல்பொருளென அவற்றை நோக்கினார்க்கு, அவை வழிபடு திருமேனிகள் என்பதனை அருணாசலம் ஆங்கிலத்தில் விரித்தெழுதினார். முருக வழிபாட்டைக் குறித்தும் அவ்வாறே எழுதினார். ஊவா மாகாணத்தின் தென்பால், மாணிக்க கங்கைக் கரையில் விளங்கும் கதிர்காமத்தை அதிற் சிறப்பித்தார். அங்கே விண்ணளாவும் கோபுரமில்லை; சிற்பத் தூண்களுமில்லை. திரைக்குப் பின்னே பேழையிலுள்ள யந்திரமே ஆடி விழாவில் யானைமீது எழுந்தருளுகின்றது. இவருடைய பாட்டியார் நேர்த்திக்கடன் தீர்க்க வெறுங்காலுடன் நடந்து சென்ற தலமும் அதுவே.

அக்காலத்திற் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, பசறைத் தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களோ, கடல் கடந்து வந்து, முருகன் எழுந்தருளிய அதே மாகாணத்தில் வாழ்ந்தும், நினைத்தபோது புறப்படும் உரிமையற்றிருந்தனர். முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்குதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. கடன் தொகை குறித்த துண்டு என்னும் சீட்டு, அவர்களை ஒரு தோட்டத்தினின்று மற்றொரு தோட்டத்துக்குக் கடனாளிகளாகவே கைமாற்றிற்று. இந்நிலையை மாற்றும் பொருட்டு, 1919 இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கம் ஒன்று தோன்றியது. அதற்கு அருணாசலமே தலைவர். பெரி சுந்தரம் செயலாளர். அவ்வாண்டிலேயே இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவராகவும் இவர் அமர்ந்தார். தலைமைப் பதவி வந்தெய்திய பின்னும் கூலிமக்களை மறந்தாரல்லர். இவரும் பிறரும் இலங்கையிலும் இந்தியாவிலும் எழுப்பிய கிளர்ச்சியின் பயனாக, 1920 களின் தொடக்கத்தில் துண்டு முறையும் அச்சிறைத்தண்டனையும் ஒழிந்தன.

பின்னர் இவர் தென்னாட்டுத் தலங்களைத் தரிசிக்கச் சென்றார். அந்த யாத்திரையின்போதே, 1924 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் மதுரையிற் சிவபதமெய்தினார்.

ஊவாப் பகுதி ஆசிரியர்கள் மாணவரைக் கதிர்காமத்துக்கு அழைத்துச் செல்லுங்கால், திரையின் உட்பொருளை உரைப்பதோடு நின்றுவிடலாகாது. தம் முன்னோர் ஒரு காலத்தில் இவ்வழியே தடையின்றி நடக்க இயலாதிருந்தனர் என்பதனையும், அத்தடை தானாக நீங்கவில்லை, நீக்க உழைத்தவர் இருந்தனர் என்பதனையும் அச்சிறார்க்கு உணர்த்துதல் வேண்டும்.