பாட்டுக்குப் பின்னால் ஒரு பியானோ

ஒரு பாட்டு நமக்குப் பிடித்துவிட்டால் பாடியவர் யார் என்று கேட்கிறோம். இசையமைத்தவர் பெயரையும் சிலர் விசாரிப்பதுண்டு. நடுவில் பியானோ வாசித்தவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? 200க்கும் மேற்பட்ட இசைத்தட்டுகளில் பியானோ வாசித்தும் வெளியுலகம் அதிகம் அறியாத நிக்கி ஹாப்கின்ஸ் என்பவரின் வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தோம்.

இங்கிலாந்து நாட்டில், லண்டன் மாநகரின் மேற்கே உள்ள பெரிவேலில், 1944ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் அவர் பிறந்தார். மூன்று வயதிலேயே பியானோவின் முன் ஏறி அமர்ந்துவிட்டாராம். அந்த வயதில் கால் தரையைக்கூடத் தொடாதே, பெடலை எப்படி மிதிப்பது! பின்னர் முறைப்படி பயின்று, லண்டனில் புகழ்பெற்ற ராயல் அகாடமி ஆஃப் மியூசிக் என்னும் இசைக் கல்லூரியில் உதவித்தொகை பெற்றுச் சேர்ந்தார்.

ஆனால் 1960இல், தமது 16ஆம் வயதில், கல்லூரியை விட்டுவிட்டு ராக் இசைக் குழு ஒன்றில் சேர்ந்துகொண்டார். இதைப் படிக்கும் நம் சிஸ்டர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். அவர் சேர்ந்ததோ ஸ்க்ரீமிங் லார்ட் சட்ச் என்பவரின் குழு. அந்தப் பாடகர் மேடையில் சவப்பெட்டியிலிருந்து எழுந்து வந்து பாடுவார்! அத்தனை ஆரவாரத்திற்கும் நடுவே மெலிந்த உடலும் கூச்ச சுபாவமும் கொண்ட நிக்கி அமைதியாகப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். 1962இல் சிரில் டேவிஸ் என்பவரின் குழுவுக்கு மாறினார்.

அடுத்த ஆண்டே பேரிடி விழுந்தது. 1963 மே மாதம் கடுமையான வயிற்று நோயுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அது குரோன் நோய். குடலில் வீக்கமும் புண்ணும் உண்டாகி, தணிந்து, மறுபடியும் மறுபடியும் வரும் நோய் இது. 1932இல் நியூயார்க் மருத்துவர் குரோனும் அவருடைய நண்பர்களும் இதை விவரித்து எழுதியதால் அவர் பெயராலேயே வழங்குகிறது. இன்றைக்கும் இதை முற்றிலும் குணமாக்கும் மருந்து இல்லை. நிக்கி 19 மாதங்கள் படுக்கையில் கிடந்தார். அறுவைச் சிகிச்சை ஒன்றன்பின் ஒன்றாக நடந்தது. இறந்துவிடுவார் என்றே பலரும் அஞ்சினர். அவர் படுத்திருந்த காலத்தில், 1964 ஜனவரியில், சிரில் டேவிஸ் 31 வயதில் காலமாகிவிட்டார். நிக்கி எழுந்து வந்தபோது வயது 20. திரும்பிப் போக அவருக்குக் குழுவே இல்லை.

ஊர் ஊராகப் போய் மேடையில் வாசிக்க இனி உடல் இடங்கொடுக்காது. வீட்டிலிருந்து புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவரக்கூடிய வேலை வேண்டும். அப்படித்தான் அவர் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு வந்து சேர்ந்தார். இந்த வேலையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு குழு தன் பாட்டைப் பதிவு செய்யும்போது அதில் இல்லாத வாத்தியத்திற்கு வெளியிலிருந்து ஆள் அழைப்பார்கள். வருபவர் பாட்டை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பார். வழக்கமாக மூன்று மணி நேரம் வேலை, அதற்குரிய கூலி. இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றாலும் கூலி கூடாது. அட்டையில் பெயர் வரும் என்பதும் நிச்சயமில்லை. அன்றைய ராக் கலைஞர்களில் பலருக்கு இசைக் குறிப்பைப் படிக்கத் தெரியாது. நிக்கிக்குப் படிக்கவும் தெரியும், குறிப்பே இல்லாமல் கேட்டவுடன் பொருத்தமாக வாசிக்கவும் தெரியும். பாதியில் விட்ட கல்லூரிப் படிப்பு அங்கேதான் கைகொடுத்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

1965இல் தி ஹூ குழுவின் முதல் இசைத்தட்டில் வாசித்தார். 1968 ஜூலையில் பீட்டில்ஸ் குழுவினர் அழைத்து, ரெவல்யூஷன் என்ற பாட்டில் மின்பியானோ வாசிக்கச் செய்தனர். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குப் பல ஆண்டுகள் வாசித்தார். அவர்களின் ஷீஸ் எ ரெயின்போ பாட்டின் தொடக்கத்தில் உள்ள பியானோ, சாவி கொடுத்த இசைப்பெட்டியைப் போலக் கிணுகிணுக்கும். ஜான் லெனன் 1971இல் வெளியிட்ட ஜெலஸ் கை பாட்டிலும் அவர் விரல்கள்தாம்.

தி கிங்க்ஸ் குழுவுடன் நேர்ந்ததைத் தனியே சொல்லியாக வேண்டும். அக்குழுவின் தலைவர் ரே டேவிஸ் 1966இல் செஷன் மேன் என்றொரு பாட்டு எழுதினார். கூலிக்கு வாசிக்கும் கலைஞனைச் சற்றே கேலி செய்யும் அந்தப் பாட்டு நிக்கியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பர். அதில் ஹார்ப்சிகார்டு வாசித்ததும் நிக்கியேதான்! கேலியைப் பொறுத்துக்கொண்டார். ஆனால் 1968இல் அதே குழு வெளியிட்ட இசைத்தட்டில் அவர் வாசித்த பெரும்பகுதியும் தலைவர் வாசித்ததாகவே அச்சாயிற்று. அதற்காக அவர் மனம் மிக நொந்தார். கூலி கொடுத்தாகிவிட்டதே, பிறகென்ன என்று சிலர் கேட்கலாம். நம் வகுப்பில் ஒருத்தி வரைந்த படத்தின் அடியில் வேறொருத்தியின் பெயரை எழுதினால் சும்மா இருப்போமா?

உடல் தடுத்தும் மேடை ஆசை அவரை விடவில்லை. ஜெஃப் பெக் குழுவில் சேர்ந்து அமெரிக்கா சென்றார். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் பெருவிழாவில் ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழுவுடன் வாசித்தார். கலிபோர்னியாவில் தங்கி, குவிக்சில்வர் குழுவில் முழு உறுப்பினரானார். 1970களின் தொடக்கத்தில் ரோலிங் ஸ்டோன்ஸின் நீண்ட பயணங்களிலும் உடன் சென்றார். நோயோடு மதுவும் போதைப் பொருளும் அவரைப் பற்றிக்கொண்டது அந்த ஆண்டுகளில்தான். அதிலிருந்து மீள வெகுகாலம் பிடித்தது, ஆனாலும் மீண்டுவிட்டார். தம் பெயரிலேயே பாடியும் வாசித்தும் 1973இல் தி டின் மேன் வாஸ் எ ட்ரீமர் என்ற இசைத்தட்டை வெளியிட்டார். பிறருக்கு அவர் வாசித்தவை விற்ற அளவுக்கு அது விற்கவில்லை. மறு ஆண்டு ஜோ காக்கர் பாடிய யூ ஆர் சோ பியூட்டிஃபுல் உலகெங்கும் ஒலித்தது. பாடகரின் குரலுக்குத் தோள்கொடுத்து நின்றது பெரும்பாலும் நிக்கியின் பியானோவே.

1994ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், குடல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட சிக்கலால் நிக்கி ஹாப்கின்ஸ் காலமானார். அவருக்கு வயது 50. அவரைப் பற்றிப் பத்திரிகையில் அஞ்சலிக் கட்டுரை எழுதியவர்களுள் ரே டேவிஸும் ஒருவர். 2025இல் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனால் அதைவிட நம் மனத்தைத் தொட்டது வேறொன்று. 2018இல், அவர் பிறந்த பெரிவேலில் உள்ள பூங்காவில் அவர் நினைவாகப் பியானோ வடிவில் ஒரு பெஞ்சு அமைத்தார்கள். அதற்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களெல்லாம் அந்தப் பெஞ்சிலேயே பொறிக்கப்பட்டன. அந்தப் பெயர்களுள் ஒன்று, ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகருடையது.