மண்ணின் புளிப்பை எண்ணால் சொன்னவர்



எலுமிச்சம்பழம் ஏன் புளிக்கிறது? அதில் அமிலம் இருக்கிறது. சோப்பு நீர் ஏன் வழவழவென்று இருக்கிறது? அதில் காரம் இருக்கிறது. இது மிளகாயின் காரம் இல்லை. அமிலத்துக்கு எதிரான குணம். நாம் சோறு சாப்பிடக் காரணமான வயல் மண்ணுக்கும் இந்த இரண்டு குணங்களில் ஒன்று கூடுதலாக இருக்கலாம். அது எவ்வளவு என்பதை ஒரு சின்ன எண்ணால் சொல்லிவிடலாம். அந்த எண்ணுக்கு பி.எச். என்று பெயர். அதை உலகத்துக்குத் தந்தவர் சோரன்சன் என்னும் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி.

விவசாயியின் மகன்

1868ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள், டென்மார்க்கில் ஹாவ்ரெபியர்க் என்ற சிற்றூரில் ஒரு விவசாயியின் மகனாகச் சோரன்சன் பிறந்தார். படிப்பில் கெட்டிக்காரர். 18 வயதில் தலைநகர் கோபன்ஹேகனில் உள்ள பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மருத்துவர் ஆக வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம். ஆனால் அங்கே யோர்கன்சன் என்ற பேராசிரியர் வேதியியல் பாடம் நடத்தினார். அந்தப் பாடம் மாணவரின் மனத்தை மாற்றிவிட்டது. மருத்துவத்தை விட்டுவிட்டு வேதியியலைப் பிடித்துக்கொண்டார். 1899இல் முனைவர் பட்டமும் பெற்றார்.

ரகசியம் இல்லாத ஆய்வுக்கூடம்

கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் என்ற பெரிய மது ஆலை இருந்தது. அதன் உரிமையாளர் யாக்கப்சன், 1875இல் ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். அதற்கு அவர் ஒரு விதி வைத்தார். அங்கே கண்டுபிடிக்கப்படும் முக்கியமான எதையும் ஆலைக்குள் ரகசியமாகப் பூட்டி வைக்கக் கூடாது. உலகம் முழுவதும் தெரிந்துகொள்ளும்படி வெளியிட வேண்டும் என்பதே அந்த விதி. தன் தொழிலுக்காக ஏற்படுத்திய ஆய்வுக்கூடத்துக்கு ஒரு முதலாளி இப்படி விதி வைத்தது பெரிய விஷயம் அல்லவா?

1901இல் அந்த ஆய்வுக்கூடத்தின் வேதியியல் பிரிவுக்குச் சோரன்சன் தலைவர் ஆனார். 1938 வரை அங்கேயே பணியாற்றினார். அவருடைய மனைவி மார்கரெத்தாவும் ஆய்வுகளில் கூடவே உழைத்தார்.

தொல்லை தந்த சுழியங்கள்

நம் வயிற்றில் உணவைச் செரிக்க வைப்பவை நொதிகள். சோரன்சன் அவற்றைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். நொதிகள் மிகவும் பிடிவாதம் பிடித்தவை. அமிலம் சற்றே கூடினாலும் குறைந்தாலும் வேலை செய்ய மறுத்துவிடும். ஆகவே அமிலத்தை மிகத் துல்லியமாக அளக்க வேண்டியிருந்தது.

அக்காலத்தில் லிட்மஸ் தாள் இருந்தது. அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். ஆனால் எவ்வளவு அமிலம் என்று அது சொல்லாது. உடம்பு சுடுகிறது என்று கை வைத்துச் சொல்வதற்கும், தெர்மாமீட்டர் வைத்து 102 என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறதே, அதைப் போலத்தான்.

அமிலக் குணத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் அயனிகள். ஒரு லிட்டர் தூய நீரில் அவை சுமார் 0.0000001 கிராம்தான் இருக்கும். இப்படிப்பட்ட எண்களை நாள் முழுவதும் எழுதினால் என்ன ஆகும்? ஒரு சுழியம் விட்டுப் போனால் கணக்கே தப்பாகிவிடும்!

1909இல் சோரன்சன் ஓர் எளிய வழி சொன்னார். புள்ளிக்குப் பிறகு 1 என்ற இலக்கம் எத்தனையாவது இடத்தில் வருகிறது? எண்ணிப் பாருங்கள். ஏழாவது இடம். ஆகவே தூய நீரின் பி.எச். 7. எலுமிச்சைச் சாற்றில் அது ஏறக்குறைய 0.01 கிராம். 1 இரண்டாவது இடத்தில் வருகிறது. ஆகவே பி.எச். 2. ஏழுக்குக் கீழே போனால் அமிலம். ஏழுக்கு மேலே போனால் காரம். ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு கூடும். இரண்டு படி இறங்கினால் நூறு மடங்கு!

வயலுக்கு வந்த எண்

நொதிகளுக்காகப் பிறந்த இந்த எண் விரைவில் வயலுக்கும் வந்தது. அதே கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் கார்ஸ்டன் ஓல்சன் என்பவர், மண்ணின் பி.எச்.சுக்கும் அதில் வளரும் செடிகளுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து 1923இல் வெளியிட்டார்.

அது ஏன் முக்கியம் தெரியுமா? மண்ணில் சத்து இருந்தால் மட்டும் போதாது. அது நீரில் கரைந்தால்தான் வேர் உறிஞ்ச முடியும். காரம் மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து கரையாமல் கிடக்கும். இலை வெளுத்து மஞ்சளாகும். சாப்பாடு இருந்தும் பூட்டிய அலமாரிக்குள் இருப்பதைப் போன்ற நிலை! அமிலம் மிகுந்த மண்ணிலோ அலுமினியம் கரைந்து வேரைக் கெடுக்கும். காரணம் தெரியாத விவசாயி மேலும் மேலும் உரம் போடுவார். பணம் போகும், பயிரும் போகும்.

பெரும்பாலான பயிர்களுக்கு 6.5 முதல் 7.5 வரை பி.எச். இருந்தால் நல்லது. நீலகிரித் தேயிலைக்கோ அமில மண்தான் பிடிக்கும். அமிலம் அளவுக்கு மிஞ்சிய நிலத்துக்குச் சுண்ணாம்பு இடுவார்கள். பி.எச். 8.5க்கு மேல் போன களர் நிலத்துக்கு ஜிப்சம் இட்டு, நீர் பாய்ச்சி வடிப்பார்கள். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவார்கள். திருச்சி அருகே நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அரசு வேளாண்மைக் கல்லூரி இத்தகைய நிலங்களுக்கு ஏற்ற வழிகளை ஆராய்ந்து வருகிறது.

எங்கள் முசரவாக்கத்தைப் போன்ற நெல் விளையும் ஊர்களில் அரைக் கிலோ மண்ணை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தால் போதும். வரப்பு ஓரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் ஆகியவற்றை விட்டு, வயலில் பல இடங்களில் எடுத்துக் கலந்த மண்ணாக இருக்க வேண்டும். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் விவசாயிக்குத் தரும் அட்டையிலும் பி.எச். எண் இருக்கும். காஞ்சிபுரத்துப் பட்டு நூலும் இதற்குத் தப்பவில்லை. நூலின் பசையை நீக்கக் காரம் வேண்டும். சாயம் பிடிக்க அமிலம் வேண்டும்.

நோபல் பரிசு கிடைக்கவில்லை

சோரன்சனுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1939 பிப்ரவரி 12ஆம் நாள் அவர் மறைந்தார். ஆனால் குடிநீர், பால், ரத்தம், மண் எதைப் பரிசோதித்தாலும் அவர் தந்த எண்ணைத்தான் இன்றும் எழுதுகிறார்கள். அவர் அதை ரகசியமாக வைத்திருந்தால் ஓர் ஆலைக்கு மட்டும் பயன்பட்டிருக்கும். எல்லோருக்கும் கொடுத்ததால் விவசாயி மகனின் எண் உலகத்து விவசாயிகளுக்கெல்லாம் சொந்தமாயிற்று.

செய்து பாருங்கள்

பெரியவர்கள் உதவியுடன் நான்கைந்து செம்பருத்திப் பூக்களின் இதழ்களை வெந்நீரில் போட்டு ஊற வையுங்கள். நிறம் இறங்கியதும் வடிகட்டி இரண்டு கிண்ணங்களில் ஊற்றுங்கள். ஒன்றில் எலுமிச்சைச் சாறு விடுங்கள், அடர்ந்த இளஞ்சிவப்பாகும். மற்றொன்றில் சோப்பு நீர் விடுங்கள், பச்சையாகும். எது அமிலம், எது காரம் என்று பூவே சொல்லிவிடும். எவ்வளவு என்று கேட்டால்தான் சோரன்சன் வர வேண்டும்!