மக்கள் கலைஞர் ஜெய்சங்கர்

கலைஞர் ஒருவரின் வாழ்வை ஆராயப் புகுவோர் அவர் ஏற்ற வேடங்களை ஒருபுறத்தும், அவர் மனிதராய் நடந்த நடையை மறுபுறத்தும் வைத்து நோக்குதல் வேண்டும். இரண்டும் ஒத்திருப்பின் மகிழ்ச்சியே. மாறுபட்டிருப்பின் அம்மாறுபாட்டில் மாணவர் கற்கத்தக்க பாடம் உண்டு. துவக்கேந்திப் பழிவாங்கப் புறப்படும் குதிரைவீரனாகத் தமிழ்த் திரையில் உலாவிய ஜெய்சங்கர் இந்த இரண்டாம் வகையினர். கல்லூரி விழா மலரில் நடிகர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று பழைய மாணவர் சிலர் வினவக்கூடும். அவர்களுட் பலர் இளமையில் அவருடைய படங்களை விரும்பிப் பார்த்தவர்களே. ஆதலின் விடையும் அவர்களிடமே உண்டு.

சங்கர் என்னும் இயற்பெயர் கொண்ட இவர் 1938 ஆம் ஆண்டு யூலைத் திங்கள் 12 ஆம் நாள் பிறந்தார். சென்னை நியூ கல்லூரியிற் கற்றார். நாடகத்தில் நாட்டங் கொண்டு, சோ அவர்களின் விவேகா பைன் ஆர்ட்ஸ் குழுவில் நடித்துப் பழகினார். நெறியாளர் யோசப் தளியத் அவரைத் தமது 'இரவும் பகலும்' என்னும் படத்தின் நாயகனாக்கி, பெயருக்கு முன் 'ஜெய்' என்னும் சொல்லையும் சேர்த்தார். அப்படம் 1965 ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் வெளிவந்தது. அதே நாளிலேதான் எம்.ஜி. இராமச்சந்திரனின் 'எங்க வீட்டுப் பிள்ளை'யும் சிவாஜி கணேசனின் 'பழநி'யும் வெளிவந்தன. இரு பெரும் ஆலமரங்களின் நிழலில் நட்ட கன்று பட்டுப்போவதே வழமை. இக்கன்றோ தழைத்தது. அவ்வாண்டிலேயே 'பஞ்சவர்ணக்கிளி', 'குழந்தையும் தெய்வமும்' முதலிய படங்களிலும் நடித்து, குடும்பக் கதைகளுக்கும் ஏற்றவர் எனப் பெயர் பெற்றார்.

சேலத்து மொடேர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தார் அவரை வேறொரு வழியிற் செலுத்தினர். 1966 இல் 'வல்லவன் ஒருவன்', 'இரு வல்லவர்கள்' ஆகிய படங்களும், 1970 இல் 'சி.ஐ.டி. சங்கர்' என்னும் படமும் அவரைத் துப்பறியும் வீரனாகக் காட்டின. மக்கள் அவரைத் தென்னகத்து ஜேம்ஸ் பொண்ட் என அழைத்தனர். படங்கள் அடுத்தடுத்து வெள்ளிக்கிழமைகளில் வெளிவந்தமையால் வெள்ளிக்கிழமை நாயகன் என்னும் பட்டமும் சேர்ந்தது. பெரும் பொருள் இல்லாத சிறு தயாரிப்பாளர்கள் அவரை நம்பியே படந் தொடங்கினர். அவரும் குறித்த நேரத்துக்கு வந்து, குறைந்த ஊதியத்தில் நடித்து, முதலிட்டவரின் சுமையைக் குறைத்தார் என்று திரையுலகத்தார் நினைவுகூர்வர்.

இந்நிலையிலேதான் குதிரையும் துவக்கும் அவர் வாழ்வில் நுழைந்தன. அமெரிக்க நாட்டின் மேற்கு நிலங்களைக் களமாகக் கொண்ட இத்தகைய கதைகள் அந்நாட்டுத் திரையில் நெடுங்காலமாக வழங்கியவை. அவற்றுட் சிறந்தன பல, சிறு செலவில் எடுக்கப்பட்டவை. பட் பொட்டிக்கர் என்னும் நெறியாளர் றண்டோல்ப் ஸ்கொட் என்னும் நடிகரை வைத்து 1956 முதல் 1960 வரை ஏழு படங்களை எடுத்தார். ஒருசில நடிகர், பாறைக் குன்றுகள், சில கிழமைப் படப்பிடிப்பு என்பவற்றோடு அவற்றுட் பலவும் நிறைவெய்தின. மனைவியைக் கொன்றோரைத் தேடிக் குதிரையேறும் தனிமனிதனே அவற்றுட் சிலவற்றின் நாயகன். 1964 முதல் இத்தாலிய நெறியாளர் சேர்ஜியோ லியோனியின் படங்கள் அவ்வகைக்கு உலகெங்கும் புதுமவுசு தந்தன. 1971 இல் தெலுங்கு நடிகர் கிருஷ்ணா 'மோசகாளகு மோசகாடு' என்னும் படத்தில் அவ்வேடம் புனைந்தார்.

தமிழில் இதற்கு வழிகோலியவர் கர்ணன். 'கற்பகம்' முதலிய படங்களுக்கு ஒளிப்பதிவு செய்து புகழ்பெற்ற இவர், நெறியாளராகி, 1970 இல் 'காலம் வெல்லும்', 1972 இல் 'கங்கா', 'ஜக்கம்மா' ஆகிய படங்களில் ஜெய்சங்கரை நாயகனாக்கினார். ஒளியை அறிந்தவர்க்கு மாளிகை அரங்குகள் வேண்டியதில்லை. வெயில் விளக்காயிற்று, வெட்டவெளி அரங்காயிற்று, குதிரையின் குளம்படிப் புழுதி திரைச்சீலையாயிற்று. பொருட்குறை கலைக்குறை ஆகாது என்பதை ஏழை நாட்டவராகிய நாம் அவற்றிற் கண்டு தேறலாம்.

ஆயினும் ஆசிரியர் என்ற முறையில் நாம் ஒன்றைக் கேளாதிருத்தல் இயலாது. பழிவாங்குதலை வீரமென்று காட்டும் கதை இளைஞர் உள்ளத்தில் எதை விதைக்கும்? படத்திற் கடைசிப் பகைவன் வீழ்ந்ததும் கதை முடிகிறது. வாழ்விலோ வீழ்ந்தவனுக்கும் மகன் உண்டு; அவன் கையிலும் துவக்கு ஏறுகிறது. 2009 இல் முடிந்த நெடும்போரில் துவக்கின் ஓசையைத் திரைக்கு வெளியே கேட்ட மண் இது. எனவே இவ்வினா எமக்கு வெறும் ஏட்டு வினா அன்று. பொட்டிக்கர் தாமும் இதனை உணர்ந்திருந்தார் போலும். 1957 இல் வந்த அவரது படமொன்றில், மனைவியின் பொருட்டுப் பழிதீர்க்க வந்த நாயகன், தான் பற்றிய காரணமே பொய்யெனக் கண்டு, வென்றவனாகவன்றி வெறுங்கையனாக ஊரைவிட்டு நீங்குகிறான்.

எமது வாவிக்கரை மக்கள் இவ்வுண்மையைச் சடங்காகவே போற்றி வருகின்றனர். மதுரையை எரித்த கண்ணகியின் சினத்தை அவர்கள் மறைப்பதுமில்லை, பழிப்பதுமில்லை. வைகாசித் திங்களில் செட்டிபாளையம் முதலிய ஊர்களில் அம்மனுக்குச் சடங்கு செய்து, நிறைவிற் குளிர்த்தி பாடி, அச்சினத்தை ஆற்றுகின்றனர். சினத்துக்கு நியாயம் இருக்கலாம். குளிர்த்தி இல்லாத சினம் ஊரை அழிக்கும் என்பதே அதன் பொருள். குதிரைவீரர் படங்கள் பலவற்றில் இல்லாத பகுதி இக்குளிர்த்தியேயாம்.

திரையிற் காணாத அக்குளிர்த்தியை ஜெய்சங்கரின் பிற்கால வாழ்விற் காண்கிறோம். நாயக வாய்ப்புக் குறைந்தபோது அவர் மனங் கசக்கவில்லை. 1980 இல் 'முரட்டுக்காளை' படத்தில், தம்மினும் இளையவரான ரஜினிகாந்துக்கு எதிர்நாயகனாக நின்று தோல்வியை ஏற்று நடித்தார். 1986 இல் 'ஊமை விழிகள்' படத்தில் அஞ்சாத பத்திரிகையாசிரியராக வந்தார். 1989 இல் கமல்ஹாசனின் 'அபூர்வ சகோதரர்கள்' படத்திலோ, தந்தையைக் கொன்ற நால்வருள் ஒருவராகி, மகனின் பழிக்கு இலக்காகும் வேடத்தைப் புனைந்தார். ஒருகாலத்திற் பழிதேடிக் குதிரையேறியவர், பழிக்கு அஞ்சுபவனின் முகத்தையும் காட்டி முடித்தார். இரு கரையையும் கண்ட நடிகர் சிலரே.

திரைக்கு வெளியே அவர் ஆதரவற்றோர் இல்லங்களுக்குப் பொருள் வழங்கியதோடு நில்லாது, தாமே சென்று அங்குள்ளோருடன் அமர்ந்து பேசி உதவினார். தம்முடன் திரையுலக நண்பரையும் அழைத்துச் சென்றார். மக்கள் கலைஞர் என்னும் பட்டம் அவருக்குப் பொருந்தியது இதனாலேயே. 2000 ஆம் ஆண்டு யூன் 3 ஆம் நாள் சென்னையில் தமது அறுபத்தோராம் வயதில் மறைந்தார்.

பகைவரை வீழ்த்திய வீரனாக மக்கள் அவரைக் கொண்டாடினர். ஆனால் அவரை அறிந்தவர்கள் நினைவில் வைத்திருப்பது குறித்த நேரத்துக்கு வந்தமையையும், எளியோர்க்கு இரங்கினமையையும், இளையோர்க்கு வழிவிட்டமையையுமே. மாணவர்காள், அவர் படங்களைக் கண்டு மகிழுங்கள், அதிற் குற்றமில்லை. எவரிடத்தேனும் சினம் மூண்டு கை ஓங்கும் வேளையில் மட்டும், திரையில் தோன்றிய குதிரைவீரனை விடுத்து, இல்லங்களிற் சென்றமர்ந்த அம்மனிதரை நினையுங்கள். பொன்விழாவும் வைரவிழாவும் காணும் கல்லூரி தன் மைந்தரிடம் வேண்டுவது அதுவே.