நள்ளிரவில் தட்டப்பட்ட கதவு

இரவு ஒன்பது மணிக்கு மேல் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு குழந்தைக்கு ஆபத்து வந்தால் அது யாரிடம் போகும்? பள்ளிக்கூடம் மூடியிருக்கும். அங்கன்வாடி ஆசிரியை வீடு போய்ச் சேர்ந்திருப்பார். கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகம் பூட்டியிருக்கும். குடித்துவிட்டு அடிக்கும் தகப்பனுக்குப் பயந்து ஓடிவரும் பிள்ளையும், மகனால் வெளியே தள்ளப்பட்ட வயதான தாயும் பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் தெருவில் நிற்கிறார்கள். நம் பங்குகளில் உள்ள வின்சென்ட் தே பவுல் சபையினருக்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கும் இது புதிய செய்தி அல்ல.

அப்படிப்பட்ட ஓர் இரவில் தன் வீட்டுக் கதவைத் திறந்த ஒரு பெண்மணியின் வாழ்வை இன்று நினைத்துப் பார்ப்போம். அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆனாலும் நள்ளிரவில் நண்பனின் கதவைத் தட்டிய மனிதனைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையைக் கேட்கும்போதெல்லாம் இவருடைய நினைவு நமக்கு வந்துவிடுகிறது.

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்த இசை வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர். இந்தப் பிறப்பை அன்றைய ஊர் மன்னிக்கவில்லை. ஆண்கள் மட்டுமே படித்துவந்த மன்னர் கல்லூரியில் இவர் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் அனுமதி தந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று அவரிடம் முன்கூட்டியே உறுதி பெற்றுக்கொண்டுதான் மணந்தார்! நம் வீடுகளில் திருமணப் பேச்சு நடக்கும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

1926இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே அதன் துணைத் தலைவரானார். அங்கே அவர் கையில் எடுத்த முதன்மையான வேலை, சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதை நிறுத்துவது. விவரம் அறியாத வயதில் கட்டப்படும் அந்தப் பொட்டு, பிறகு அந்தப் பெண்ணைப் பணம் படைத்தவர்களின் விருப்பத்துக்கு விட்டுவிடும். சடங்கு என்ற பெயர் இருந்ததால் யாரும் அதைக் குற்றம் என்று சொல்லவில்லை. இதில் நிலமும் கலந்திருந்தது. கோயில் பணி செய்வதற்காக அந்தக் குடும்பங்களுக்கு மானிய நிலம் விடப்பட்டிருந்தது. மகளைப் பணிக்கு விடாவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும். பசிக்கு அஞ்சிய தாய் மகளை விட்டுக்கொடுத்தாள். முத்துலட்சுமி இந்த முடிச்சைப் புரிந்துகொண்டிருந்தார். அவருடைய முயற்சியால் 1929இல் வந்த சட்டம், கோயில் பணி என்ற நிபந்தனையை நீக்கி, நிலம் அந்தப் பெண்களிடமே இருக்கும்படி செய்தது. வெறும் தடையோடு நின்றிருந்தால் அந்தக் குடும்பங்கள் தெருவில் நின்றிருக்கும் என்பதே நமது எண்ணம்.

சத்தியமூர்த்தி போன்ற பெரிய தேசியத் தலைவர்களே இந்தச் சீர்திருத்தத்தை எதிர்த்தார்கள். கலை அழிந்துவிடும், சமயம் கெட்டுவிடும் என்று வாதிட்டவர்களுக்குக் குறைவில்லை. பொட்டுக்கட்டுவதை முழுமையாகத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல்தான் நிறைவேறியது. அதற்குள் இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. அப்போது நம் வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. சென்னையில் இயற்றிய சட்டம் எல்லைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. பாகூர்ப் பகுதியில் இன்றும் சில தெருக்களைத் தாண்டினால் கடலூர் மாவட்டம் வந்துவிடுகிறது. அங்கே குடியிருப்போருக்கு இந்தக் கோட்டின் பொருள் நன்றாகத் தெரியும்.

சட்டமன்றத்தில் இந்தப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் அந்த இரவும் வந்தது. 1930ஆம் ஆண்டு. அந்த வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த சிறுமிகள் சிலர், பாதுகாப்புக் கேட்டு இரவு நேரத்தில் டாக்டரம்மாவின் கதவைத் தட்டினார்கள். பேச்சில் சொன்னவரைத் தேடி அந்தப் பேச்சு நேரிலேயே வந்து நின்றது. அவர்களைச் சென்னையில் இருந்த விடுதிகளில் சேர்க்க முயன்றார். எங்கும் இடம் கிடைக்கவில்லை. தேவதாசி வீட்டுப் பிள்ளைகளோடு தங்கள் பிள்ளைகள் தங்குவதா என்று மறுத்துவிட்டார்கள். படித்தவர்கள் நடத்திய விடுதிகள்தாம் அவை. கணவரும் இரண்டு மகன்களும் இருந்த தன் வீட்டிலேயே அந்தச் சிறுமிகளை முத்துலட்சுமி தங்க வைத்தார்.

இங்கே சற்று நிற்போம். ஒரு நாள் சோறு போடுவது நம்மில் பலராலும் முடியும். மறுநாள் என்ன செய்வது? பிள்ளையைத் தேடி உறவினர் வருவார்கள். அவர்களில் யார் உண்மையில் பாதுகாப்பவர், யார் மறுபடியும் விற்கக்கூடியவர் என்று எப்படி அறிவது? பள்ளியில் சேர்க்கப் போனால் தகப்பன் பெயரைக் கேட்பார்கள். இந்தக் கேள்விகளுக்கு ஒரு வீடு மட்டும் விடை தர முடியாது என்று கண்டுதான் அவர் 1931இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். சாதி பாராமல், பிறப்பைக் கேளாமல், ஆதரவற்ற சிறுமிகளையும் பெண்களையும் அங்கே சேர்த்துக்கொண்டார். படிப்பும் தொழிலும் அவர்களுக்குக் கிடைக்க வழி செய்தார். சட்டமன்றப் பதவியை அதற்கு முன்னரே, காந்தியடிகள் 1930இல் கைதானபோது துறந்திருந்தார்.

அன்று ஒரு டாக்டரின் மனத்துணிவை நம்பி வந்த பிள்ளைகளுக்கு இன்று சட்டத்தின் துணை உண்டு. ஆனால் நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? 1098 என்ற எண் இரவு பகல் எந்நேரமும் குழந்தைகளுக்காக இயங்குகிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். பயண நேரம் இதில் சேராது. குழு கூடாத நேரமாக இருந்தால் அதன் உறுப்பினர் ஒருவரிடமே அழைத்துச் செல்லலாம். நாளை காலை பார்க்கலாம் என்று யாரும் கைவிரிக்க முடியாது. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் சொல்கிறது. விசாரிக்கும் காவல் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. விஷயம் தெரிந்தும் சொல்லாமல் மறைப்பவர் தண்டனைக்கு உரியவர். குடும்ப மானம், ஊர் மானம், நிறுவனத்தின் பெயர் என்று காரணம் சொல்லி மூடி மறைப்பவர்களுக்கு இதில் விலக்கில்லை. நம் பள்ளிகளும் மறைக்கல்வி வகுப்புகளும் இதற்கு உட்பட்டவையே.

பெண்களுக்கு 181 என்ற எண்ணும் எந்நேரமும் உண்டு. முதியோருக்கான 14567 எண் காலை எட்டு முதல் இரவு எட்டு வரைதான். அதற்குப் பிறகு துரத்தப்படும் தாய்க்கு 112 உண்டு, அடுத்த வீடு உண்டு. அடுத்த வீடு என்பது நாம்தான்.

முத்துலட்சுமியின் பிற்காலத்தை விரிவாகச் சொல்ல இங்கே இடமில்லை. தங்கை ஒருவரைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனை அவருக்குள் நெடுநாள் இருந்தது. அதன் பலனாக அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு 1952இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1954இல் அது செயல்படத் தொடங்கியது. 1956இல் பத்ம பூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22ஆம் நாள், 82ஆவது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது காலமானார். மருத்துவமனைக்காகவே அவரை இன்று பலரும் நினைக்கிறார்கள். விடுதிகள் ஏற்க மறுத்த அந்தச் சிறுமிகளுக்காகத் தொடங்கிய அவ்வை இல்லமும் அடையாறில் இன்றும் இருக்கிறது. அதன் பள்ளியில் பெண்பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.